மேவிஸ் மிஸ் கேட்ட கணுக்கால்

உக்காருங்க பாஸ்டரய்யா. அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும். இதுல வசதியா உக்காருங்க. காப்பி போடட்டுங்களா? சரி, அப்புறமாவே குடிக்கலாம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லி சங்கடப்பட வேண்டாம். வில்சன் வாத்தியார் அனுப்பியிருப்பாரு. சபைக் கமிட்டிக்குச் செயலாளர்னா அடுத்தவன் வீட்டு அடுப்படி வரைக்கும் அதிகாரம் இருக்குன்னு அவருக்கு நினைப்பு. நீங்க இந்தச் சபைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள உங்க காதுலயும் போட்டாச்சு. 'ஏசுவடியான்னு ஒருத்தர், ரயில்வேயில ரிட்டயர்டு கார்டு, சம்சாரம் செத்துப் போச்சு, பெரிய மனுசன், பாட்டுக் குழுவுல முன்வரிசையில நிப்பாரு. இந்த வயசுல பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியம்மா வீடே கதின்னு கெடக்காரு.' இதானுங்களே? தலையாட்ட வேண்டாம், எனக்குத் தெரியும்.

நான் உள்ளதை உள்ளபடி சொல்லிப்புடறேன். எல்லாத்துக்கும் காரணம் ஒரு பன்னிக்கால்தாங்க. சிரிக்காதீங்க. பன்னிக்காலேதான்.

பக்கத்து வீடு மேவிஸ் லாசரோ. போத்தனூர்ல மேவிஸ் மிஸ்னாத்தான் தெரியும். ரயில்வே ஸ்கூல்ல சின்னப் புள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தவங்க. எம்பொண்ணு பெனிட்டாவுக்கும் அவங்கதான் மிஸ். வீட்டுக்காரர் டெஸ்மண்ட் லாசரோ, இஞ்சின் டிரைவர். அவர் முன்னாடி ஓட்டுவாரு, நான் கடைசிப் பெட்டியில நின்னு கொடி காட்டுவேன். அவர் காலமாகி ரொம்ப வருசமாச்சு. ஒரே பையன் கிளைவ், ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருக்கான். அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. அங்க ரேடியோ போட்டா எனக்கு இங்க செய்தி கேக்கும். எனக்கு இருமல் வந்தா அவங்க சுவத்துல தட்டி, 'கார்டு, சுடுதண்ணி குடி மேன்'ம்பாங்க. அவ்வளவுதாங்க. பக்கத்து வீடுன்னா அப்படித்தானே?

போன ஐப்பசி மழையில அவங்களுக்கு சிக்குன்குனியா வந்துச்சு. காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா கைகால் வீக்கமும் வலியும் விடலை. நாக்கு செத்துப் போச்சு. எதை வெச்சாலும் 'மண்ணு மாதிரி இருக்கு மேன்'னு தள்ளி வெச்சிருவாங்க. நான் கஞ்சி கொண்டு போனேன், திரும்பி வந்துச்சு. மிளகு ரசம் வெச்சேன், திரும்பி வந்துச்சு. நாட்டுக்கோழிச் சாறு, அதுவும் திரும்பி வந்துச்சு. நானேதான் எல்லாத்தையும் குடிச்சேன். அவங்க இளைக்க இளைக்க நான் பெருத்தேன்.

பெர்த்ல இருந்து கிளைவ் தினமும் போன் பண்ணுவான். 'மம்மி, சாப்பிடலைன்னா கிறிஸ்துமஸுக்கு வரும்போது கையோட கூட்டிட்டுப் போயிருவேன், வீட்டையும் குடுத்துரலாம்'னு ஒரே பேச்சு. அவங்களுக்குப் போக இஷ்டமில்லை. 'அங்க ஜன்னலைத் தொறந்தா ஒரு மனுசன் போக மாட்டான் மேன், நான் யாரைத் திட்டுறது?'ம்பாங்க. எனக்கும், என்ன சொல்றது, வீட்டைக் குடுத்துட்டா அங்க யாரு குடிவருவாங்களோ என்னமோ. நாய் வளக்கறவனா இருந்தா? அந்தக் கவலைதாங்க எனக்கு.

ஒரு நாள் கேட்டேன். 'மிஸ், என்னதான் வேணும் உங்களுக்கு? எதுன்னாலும் சொல்லுங்க'ன்னேன். கண்ணை மூடிகிட்டே, 'ஹேம் ஹாக்'னாங்க. 'மம்மி பட்டாணிப் பருப்பு போட்டு சூப்பு வெப்பாங்க. அது கெடைச்சா நாலு வாய் சாப்பிடுவேன்.'

ஹேம் ஹாக்னா பன்னிக்கால்ல ஏதோ ஒண்ணுன்னு கேள்வி, அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. ஆனா தெரியாதுன்னு சொல்ற பழக்கமும் எனக்குக் கெடையாது. முப்பது வருசம் கூட்ஸ் வண்டியோட கடைசிப் பெட்டியில மண்ணெண்ணெய் அடுப்பு வெச்சு ஆடு, கோழி, முயல், காடைன்னு ஆக்கித் தின்னவன். 'இவ்வளவுதானா? நாளைக்கே ஆச்சு'ன்னுட்டு வந்துட்டேன்.

மறுநாள் கறிக்கடை மரியதாசுகிட்டப் போயி, 'ஹாக் இருக்காப்பா?'ன்னேன். 'ஹாக்கியா? அதுக்கு மைதானத்துக்குப் போங்க கார்டய்யா'ங்கறான். பன்னிக்கால்ல வர்ற ஏதோ ஒண்ணுன்னு சொன்னேன். கால்னா காலுதானேன்னு அவன் நாலு பாதத்தை எடுத்துக் குடுத்தான். குளம்போட. வீட்டுக்கு வந்து தீயில வாட்டி, சுரண்டி, மிளகும் தேங்காப்பாலும் விட்டு ஆட்டுக்கால் பாயா மாதிரியே வெச்சேன். வாசம் தெருமுனை வரைக்கும் போச்சு. பெருமையா கொண்டு போயி மூடியத் தொறந்தேன்.

அவங்க எட்டிப் பாத்தாங்க. உள்ள இருந்து நாலு குளம்பும் மேல பாக்குது.

'கார்டு, இது பாதம். நான் கேட்டது ஹாக். கணுக்கால் மேன், கணுக்கால்.'

'கணுக்கால்னா எந்த எடம் மிஸ்?'ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கப்படாது. அவங்க வாத்தியாரம்மா பாருங்க, எதையும் காட்டித்தான் சொல்லிக் குடுப்பாங்க. கவுனை ஒரு சாண் தூக்கி, தன் கால்லயே விரலை வெச்சு, 'இங்க இருந்து இங்க. பாதத்துக்கு மேல, முழங்காலுக்குக் கீழ. தோலு, எலும்பு, நடுவுல கொஞ்சமாக் கறி'ன்னாங்க. நான் பாக்கலீங்க. விட்டத்தைத்தான் பாத்துகிட்டு இருந்தேன். காய்ச்சல்ல வீங்கியிருந்துச்சு, உள்பக்கம் ஒரு சின்ன மச்சம். அவ்வளவுதான்.

மறுபடி மரியதாசுகிட்டப் போயி, இந்தத் தடவை சரியான எடத்தைச் சொல்லி, பச்சைக் கணுக்கால் வாங்கி வந்து வெச்சேன். அவங்க ரெண்டு கரண்டி குடிச்சாங்க. 'கால் சரி மேன். ஆனா இது ஹேம் இல்லை'ன்னாங்க. அப்பத்தான் வெவரமாச் சொன்னாங்க. ஹேம்னா உப்புத் தண்ணியில நாள்கணக்கா ஊறப் போட்டு, புகையில தொங்க விட்டு எடுக்கிறதாம். அப்படிப் பக்குவம் பண்ணின கணுக்கால்தான் ஹேம் ஹாக்காம். அதோட வாசத்துலதான் பருப்பே ருசிக்குமாம். 'விட்டுரு கார்டு, அது இங்க கெடைக்காது'ன்னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாங்க. அது எங்க ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவருங்க. இந்தப் பக்கம் வந்து நான் கட்டில்ல உக்காந்தா, எனக்கு என்னமோ அவங்க என்னைப் பாத்துப் படுத்திருக்கற மாதிரியே இருந்துச்சு.

பக்கத்து வீட்ல ஒரு ஜீவன் சாப்பிடாம கெடந்தா நமக்குச் சோறு எறங்குமுங்களா? யாராயிருந்தாலும் செய்யறதுதானே. விடியக்காலம் குன்னூர் பஸ்ஸைப் பிடிச்சேன். அங்க வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்துல இன்னும் பதப்படுத்தின கறி விக்கற ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கடை இருக்குன்னு கேள்வி. விசாரிச்சு விசாரிச்சுப் போனா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, நூல் கட்டி, கருங்காலிக் கட்டை மாதிரி கெடக்குது. கடைக்காரப் பொண்ணு ரெண்டு எடுத்துப் பொட்டலம் கட்டிகிட்டே, 'சார், இதை...'ன்னு ஆரம்பிச்சுச்சு. நான் கையக் காட்டி நிறுத்திட்டேன். 'தெரியும்மா, நான் பாக்காத கறியா'ன்னேன். அந்தப் பொண்ணு சொல்ல வந்ததைக் கேட்டிருந்தா உங்களுக்கு இந்தக் கதையே இல்லீங்க.

எறங்கற பஸ்ல இன்னொரு கூத்து. மூணாவது கொண்டை ஊசி வளைவுல டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டாரு. 'பிரேக் கருகுற வாடை வருது, எல்லாரும் எறங்குங்க'ன்னாரு. நான்தான் ரயில் சக்கரத்து அச்சு சூடாகற வாடைய மூக்குலயே கண்டுபிடிக்கறவனாச்சே, முதல் ஆளா எறங்கி, குனிஞ்சு, நாலு சக்கரத்தையும் மோந்து பாத்தேன். எந்தச் சக்கரத்துகிட்டப் போனாலும் வாடை வருது. 'நாலுமே போச்சுப்பா'ன்னு டிரைவர்கிட்ட ரிப்போர்ட் குடுத்தேன். பக்கத்துல ஒரு கேரட் வியாபாரியம்மா என்னையே பாத்துகிட்டு இருந்துச்சு. 'அண்ணா, வாடை சக்கரத்துல இல்லை, உங்க பையில'ன்னுச்சு. பஸ்ஸே என்னைப் பாத்துச்சு. கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஜன்னலுக்கு வெளிய பையப் பிடிச்சுகிட்டே மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தேன். போகட்டும், கடைசிப் பெட்டி நமக்குப் புதுசா?

சரி, வெற்றியோட வந்தாச்சு. இனிமேலாவது அடங்கி ஒடுங்கிச் சமைக்கணுமா இல்லையா? நான் என்ன பண்ணினேன், ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு விருந்துன்னு சொல்லிட்டேன். பெனிட்டா ஓசூர்ல இருந்து வந்தா. வில்சன் வாத்தியாரையும் அவர் வீட்டம்மாவையும் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்னு கேக்காதீங்க. இருபது வருசமா சபை விருந்துல அவர்தான் பிரியாணிக்கு உப்புப் பாக்குறாரு. என் கையையும் கொஞ்சம் பாக்கட்டுமேன்னுதான்.

ரெண்டுல ஒரு கணுக்காலைக் கழுவினேன். குக்கர்ல போட்டேன். பட்டாணிப் பருப்பு, வெங்காயம் போட்டேன். நான் உப்பு போட்டா கையளவுதாங்க, ருசி பாக்கற வழக்கமே கெடையாது. ருசி பாக்கறவன் கைப்பழக்கம் இல்லாதவன்னு ரூபிகிட்டக் கூட, அதாங்க என் சம்சாரம், அவகிட்டயும் பீத்திக்குவேன். கல்லுப்பு ஒரு கை அள்ளினேன். பெரிய விருந்தாச்சேன்னு இன்னொரு கை. பத்து விசில் விட்டு எறக்கினேன்.

எல்லாரும் மிஸ் வீட்டு மேசையில உக்காந்தோம். அவங்க எழுந்து, தலை சீவி, பவுடர் போட்டு, நீலப் பூப்போட்ட கவுன் மாட்டிகிட்டு வந்து உக்காந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து கிளைவ் வீடியோவுல வந்துட்டான். 'மம்மி சாப்பிடறதை நான் பாக்கணும்'னான். பெனிட்டா போனைத் தண்ணிச் சொம்புல சாச்சு வெச்சா. பெர்த் மொத்தமும் எங்க தட்டைப் பாத்துகிட்டு இருக்கு.

வாத்தியார்தான் முதல்ல வாயில வெச்சாரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துச்சு. அவர் வீட்டம்மா கைக்குட்டைய எடுத்து வாயை மூடிகிச்சு. பெனிட்டா என்னைப் பாத்து ஒரு பார்வை பாத்தா. நான் ஒரு கரண்டி எடுத்தேன். பாஸ்டரய்யா, தூத்துக்குடி உப்பளத்துல தவறி விழுந்தாக் கூட வாயில அவ்வளவு உப்பு போகாதுங்க. உப்புலயே ஊறி வந்த கறிக்கு நான் ரெண்டு கை கல்லுப்பு போட்டிருக்கேன்!

மிஸ் கரண்டியத் தூக்கினாங்க. வேண்டாம்னு நான் சொல்லப் போனேன். அதுக்குள்ள வாயில போயிருச்சு. மூஞ்சியில ஒண்ணுமே தெரியலை. மென்னாங்க, முழுங்கினாங்க. போனைப் பாத்து, 'லவ்லி, சன்'னாங்க. அடுத்த கரண்டி. அதுக்கடுத்த கரண்டி. தட்டுல ஒரு பருப்பு மிச்சமில்லாம, எலும்பை ஒட்டியிருந்த தோலைக் கூட விடாம சாப்பிட்டாங்க. கிளைவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'தேங்க்யூ அங்கிள், தேங்க்யூ'ன்னு எனக்குச் சொல்றான். நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு அதை வாங்கிக்கறது?

அவன் போனை வெச்சதுதான் தாமதம். மிஸ் சொம்பைத் தூக்கி மூச்சு விடாமக் குடிச்சாங்க. வாத்தியார் டம்ளரையும் பிடுங்கிக் குடிச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்து, 'என்ன மேன் கார்டு, கடலையே கொண்டாந்து ஊத்திட்டியா?'ன்னு ஆரம்பிச்ச சிரிப்பு, நிக்கலை. மேசையில தலைய வெச்சுச் சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி கொட்டுது. 'நாக்கு செத்துப் போச்சுன்னு நெனைச்சேன், இதோ எந்திரிச்சிருச்சு மேன்'னு சொல்லி மறுபடி சிரிப்பு. காய்ச்சல் வந்ததுல இருந்து அவங்க சிரிச்சு நான் கேக்கலை. எனக்கு அவமானமாப் போச்சு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திகிட்டேன். சாயங்காலம் வரைக்கும் சுவத்துக்கு அந்தப் பக்கம் அப்பப்ப ஒரு சிரிப்பு கேட்டுச்சு. பெனிட்டா, 'ஏம்ப்பா காதைச் சுவத்துல வெச்சுகிட்டு உக்காந்திருக்க?'ன்னா. 'குக்கர் அங்க இருக்கு, பத்திரமா இருக்கான்னு பாக்கறேன்'னேன்.

மறுநாள் குக்கரை வாங்கத்தான் போனேன். சத்தியமா அதுக்குத்தான். போனா, படுத்த படுக்கையா இருந்தவங்க அடுப்படியில நிக்கறாங்க. 'இன்னொரு கணுக்கால் வெச்சிருக்கியே, அதைக் கொண்டா மேன். இன்னிக்கு நான் மிஸ், நீ எல்.கே.ஜி.'ன்னாங்க. அதைத் தண்ணியில ஊறப் போட வெச்சாங்க. தண்ணிய மாத்த வெச்சாங்க. மறுநாள் வந்து பெரிய சட்டியில, அது முங்கற அளவு தண்ணி, ரெண்டு பிரிஞ்சி இலை, வெங்காயம், கேரட். உப்பு டப்பாவை எடுத்துத் தன் மடியில வெச்சுகிட்டாங்க. என் கைக்கு எட்டக் கூடாதாம்.

குக்கர் வேண்டாமுங்களா மிஸ், சீக்கிரம் ஆயிருமேன்னேன். 'எங்க போகப் போறோம் கார்டு, ரெண்டு பேரும்?'னாங்க. அதுவும் சரிதான். சின்னத் தீயில அது கொதிக்கவும் இல்லாம, சும்மா இருக்கவும் இல்லாம, ஓரத்துல ஒவ்வொரு குமிழா விட்டுகிட்டு இருந்துச்சு. அந்த வேக்காட்டுலதான் தோலு வெண்ணெய் மாதிரி ஆகுமாம், கறி தானா எலும்பை விட்டு வருமாம். அது வேகற வரைக்கும் நாங்க பேசிகிட்டு இருந்தோம். டெஸ்மண்டைப் பத்தி அவங்க சொன்னாங்க. ரூபியப் பத்தி நான் சொன்னேன். ரூபி போனதுக்கப்புறம் நான் நின்னுகிட்டேதான் சாப்பிடறேன்னும் சொல்லிட்டேன். அடுப்படி மேடையிலயே, சட்டியில இருந்தே. எதுக்குத் தட்டு, யாரு கழுவறதுன்னு. அதை நான் பெனிட்டாகிட்டக் கூட சொன்னதில்லீங்க. அவங்க பருப்பைப் போட்டுக் கரைய விட்டு, எழுந்து போயி ரெண்டு தட்டு எடுத்துட்டு வந்து மேசையில வெச்சு, 'உக்காரு மேன்'னாங்க.

உக்காந்து சாப்பிட்டேன். என்ன ருசின்னு கேக்கறீங்களா? தெரியலீங்க. சூடா இருந்துச்சு. புகை வாசம் லேசா. நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன், அவங்களும் ரெண்டு தட்டு.

கிறிஸ்துமஸுக்கு கிளைவ் வந்தான். அவனுக்கும் அந்த சூப்புதான். அதுக்குள்ள உப்பு டப்பா என் கைக்கு வர்ற அளவுக்கு எனக்குப் பாஸ் போட்டிருந்தாங்க. கிளைவ் சாப்பிட்டான், அவங்கம்மாவைப் பாத்தான், என்னைப் பாத்தான். கெளம்பறப்ப வாசல்ல நின்னு, 'அங்கிள், மம்மி ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது'ன்னான். 'ஆமாப்பா, நம்ம ஊர்ச் சிறுவாணித் தண்ணி அப்படி'ன்னேன். என் கையப் பிடிச்சுகிட்டு ரொம்ப நேரம் விடலை. நல்ல பையனுங்க. தண்ணியோட அருமை தெரிஞ்சவன்.

அதுல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை அவங்க வீட்டுல சமையல். தீந்து போச்சுன்னா நான் குன்னூர் போயி வாங்கிட்டு வருவேன். இப்ப கடைக்காரப் பொண்ணு சொல்றதையெல்லாம் கேக்கறேன். எலும்பு கம்மியா, தோலு முழுசா இருக்கறதாப் பாத்து எடுக்கத் தெரியும். இதைத்தான் வாத்தியார் கண்ணு, காது, மூக்கு வெச்சு ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரியறாரு. பெனிட்டாவே போன்ல, 'அப்பா, பத்து வார்த்தை பேசினா எட்டு வார்த்தை மிஸ் கதைதான்'ங்கறா. பக்கத்து வீட்டைப் பத்திப் பேசாம ஜனாதிபதியப் பத்தியா பேசுவாங்க? 'நீ தெரிஞ்சு பேசறியா, தெரியாமப் பேசறியாப்பா?'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டா. என்ன கேக்கறான்னே எனக்குப் புரியலை.

ஆகக்கூடி, தப்பா ஒண்ணும் இல்லீங்க. சபைக்கு முன்னாடி வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன். அவங்க கோயில் வேற, நம்ம கோயில் வேற. வயசும் ஆச்சு. நான் அப்படி ஒரு நெனைப்பு... இல்லீங்க. இருந்தாலும் அதையெல்லாம் எப்படிக் கேக்கறது? கேட்டு, அவங்க அன்னிக்குச் சிரிச்ச மாதிரி சிரிச்சுட்டா? அப்புறம் சனிக்கிழமை எங்க போறது நான்? அதனால ஒண்ணும் இல்லைன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிருங்க.

என்னங்க?

வாத்தியார் அனுப்பலையா? அப்புறம் யாரு?

மிஸ்ஸா? எப்ப? நேத்து உங்க வீட்டுக்கா? அவங்க கோயில் ஃபாதரை விட்டுட்டு உங்ககிட்ட எதுக்கு...

ஃபாதர்கிட்டயும் கேட்டாச்சா? என்ன கேட்டாச்சு?

இருங்க, இருங்க. அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம.

'அந்தக் கார்டு பச்சைக் கொடி காட்டிகிட்டே நிப்பான், வண்டியில ஏற மாட்டான். நீங்க போயி அவனுக்குச் சம்மதமான்னு கேளுங்க'ன்னா சொன்னாங்க?

அவங்களா சொன்னாங்க? சிரிச்சுகிட்டேவா? சிரிக்கலையா...

இல்லீங்க, ஒண்ணுமில்லை. தூசி. விசிறியப் போட்டா இந்த வீட்டுல எப்பவும் தூசிதான்.

வேண்டாம் பாஸ்டரய்யா, நீங்க எந்திரிக்காதீங்க. நீங்க போயி 'சம்மதமாம்'னு சொன்னா நல்லா இருக்காதுங்க. இத்தனை நாள் கேக்கத் தெரியாம இருந்தவன், பதிலையாவது சொந்த வாயால சொல்லணும். அந்த ஆணியில ஒரு வெள்ளைச் சட்டை தொங்குது பாருங்க, அதைக் கொஞ்சம் எடுங்க. பட்டனையும் நீங்களே போட்டு விட்டுருங்க. நான் போட்டா ஓட்டை மாறி மாறிப் போகுது.